டாபர்மேன் உறுமுகிறது, யாருக்காவது கொடுத்துவிடலாமா?

கேள்வி: எங்கள் வீடு தோட்டத்துக்குள் இருக்கிறது. பம்புசெட் ஒயரை இரண்டு தடவை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் டாபர்மேன் கடுவன் குட்டி ஒன்று வாங்கினேன். இப்போது எட்டு மாதம். பகல், இரவு இரண்டு வேளையும் மோட்டார் ரூம் பக்கத்தில் சங்கிலியில்தான் கட்டியிருக்கிறோம். போன வாரம் அது தின்றுகொண்டிருந்தபோது என் ஆறு வயது மகள் பக்கத்தில் போக, உறுமிப் பல்லைக் காட்டிவிட்டது. கடிக்கவில்லை. இந்த ஜாதிக்கு வயது ஏற ஏற மூளை பெருத்து, மண்டையில் இடம் பத்தாமல் வெறி வந்துவிடும், வளர்த்தவரையே கடிக்கும் என்கிறார்கள். குட்டி கொடுத்தவரோ, "ஒரு வேளை பட்டினி போடுங்க, காதையும் வெட்டிவிடுங்க, கால்சியம் பவுடரைக் கூட்டிக் கொடுங்க, கம்பீரமா வந்துடும்" என்கிறார். வயதான அம்மாவும் பயப்படுகிறார். வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

பதில்: மூளைக் கதை பொய். இந்த இனத்துக்கு மண்டை ஓட்டை மீறி மூளை வளர்வதில்லை. டாபர்மேனின் ஒடுங்கிய நீண்ட முகத்தைப் பார்த்து யாரோ கட்டிவிட்ட கதை, இன்னும் சாகாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. எட்டு மாதத்தில் நடப்பது வேறு. உங்கள் நாய் விடலைப் பருவத்துக்கு வந்திருக்கிறது. நேற்றுவரை கண்டுகொள்ளாத சத்தத்துக்கெல்லாம் இன்று காது நிமிரும், புது ஆளை அளந்து பார்க்கும், கூப்பிட்டால் ஒரு நொடி யோசித்துவிட்டு வரும். இந்த இனத்தில் கடுவனுக்குப் புத்தி முதிர இரண்டு, மூன்று வருடம்கூட ஆகும். உடம்புதான் முந்திக்கொள்ளும்.

கொடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியது, இந்த நாய் ராத்திரி எங்கே படுக்க வேண்டும் என்பதைத்தான்.

ஜெர்மனியில் அபோல்டா என்ற ஊரில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த இனத்தை உருவாக்கியவர் கார்ல் ஃபிரீட்ரிஷ் லூயி டாபர்மேன். வரி வசூல் வேலை பார்த்தவர். பணத்தோடு நடக்கிற மனிதனுக்குத் துணையாகக் கூடவே வர ஒரு நாய் தேவைப்பட்டது என்பார்கள். அந்த குணம் இன்றைக்கும் போகவில்லை. டாபர்மேன் ஆளைக் காக்கும் நாய். நீங்கள் எழுந்து அடுத்த அறைக்குப் போனால் அதுவும் எழுந்து வரும், உட்கார்ந்தால் காலில் சாய்ந்து நிற்கும். மந்தையோடு இரவெல்லாம் தனியாகக் கிடந்து காவல் காக்க நூற்றாண்டுக் கணக்கில் பழக்கப்பட்ட நாய் இனங்கள் தனியாக இருக்கின்றன. அந்த வேலையை டாபர்மேனிடம் கொடுத்தால் அது ஒயரையும் காக்காது, மனிதரோடும் ஒட்டாது. தோலை ஒட்டிய குட்டை முடி, அடியில் பஞ்சு ரோமம் கிடையாது. குளிரும் தாங்காது, கடும் வெயிலும் தாங்காது. மோட்டார் ரூமுக்கு விளக்கும் நல்ல பூட்டும் போடுங்கள், நாயை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

இனி சங்கிலி. இதில் நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன். என்னிடம் வருகிறவர்களுக்கு இது பழகிப்போன பாட்டு.

நாள் முழுக்கக் கட்டிப்போட்ட நாய் இருக்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள். சங்கிலி எட்டும் தூரம்வரை புல் செத்து, மண் வழுவழுவென்று வட்டமாகத் தேய்ந்திருக்கும். அந்த வட்டம்தான் அதன் உலகம். அதற்குள் இருக்கிற தட்டு, தண்ணீர், நிழல் மூன்றும்தான் சொத்து. பயந்துபோன நாய் சாதாரணமாக முதலில் செய்வது விலகிப் போவது. கழுத்தில் சங்கிலி இருந்தால் விலக வழியில்லை. மிச்சம் இருப்பது உறுமலும் பல்லும்தான். கூடவே, எட்ட நடமாடும் ஆள், ஆடு, பைக் என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பாய்வதும், கழுத்து இறுகித் தூக்கி எறியப்படுவதும் நாளெல்லாம் நடக்கிறது. மனிதர் நெருங்கினால் கழுத்து வலிக்கும் என்று அது கற்றுக்கொள்கிறது. இதைத்தான் வியாபாரிகள் "கட்டிப்போட்டால் கோபம் ஏறும்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கோபம் ஏறும், உண்மைதான். யார்மேல் இறங்கும் என்பதற்குத்தான் உத்தரவாதம் கிடையாது.

அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை நாய்க்கடியால் இறந்த 256 பேரின் சம்பவங்களை ஆராய்ந்து 2013ல் ஒரு கட்டுரை வெளியானது. நான்கில் மூன்று பங்குக்கு மேல், கடித்த நாய் குடும்பத்தோடு புழங்கிய நாய் அல்ல. சங்கிலியிலோ கூண்டிலோ வீட்டுக்கு வெளியிலோ, மனிதருடன் நல்ல பழக்கம் இல்லாமல் ஒதுக்கி வைத்திருந்த நாய். திரும்பத் திரும்பத் தென்பட்ட காரணங்களின் பட்டியலில் இனம் இடம்பெறவில்லை. டாபர்மேன் என்றால் கடிக்கும் என்று உங்கள் அம்மாவிடம் சொன்னவர்களுக்கு இதைப் படித்துக் காட்டலாம்.

அதற்காக அவிழ்த்து ஊர்மேல் விடுங்கள் என்று சொல்லவில்லை. ஓடித் தாண்ட முடியாத வேலி போட்ட இடத்தில் அவிழ்த்துவிடுங்கள், மனிதர் இருக்கும் இடத்தில் இருக்கட்டும், வெளியே போனால் கையில் பெல்ட். காலையும் மாலையும் நன்றாக ஓட வேண்டும். அதைவிட முக்கியம் மூளைக்கு வேலை. உட்கார், இரு, வா, விடு என்ற நாலு சொல்லை தினமும் சின்னச் சின்னத் தவணையாகப் பழக்குங்கள். இந்த இனம் கத்தலும் அடியும் தாங்காது. ஒரு தடவை அடித்தால் ஒரு வாரம் உங்கள் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆடு இருந்தால் பழகும்வரை நடுவில் வேலி இருக்கட்டும். ஓடுவதைத் துரத்துவது அதன் ரத்தத்தில் இருக்கிறது.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த தடவை, அவளை எட்ட நிறுத்திவிட்டு, அது தின்னும்போது நீங்கள் மட்டும் தள்ளி நின்று பாருங்கள். ஆள் நெருங்கினால் முதலில் மெல்லுவது நிற்கும். தலை தட்டுக்குள்ளேயே இருக்கும், உடம்பு கட்டையாக இறுகும், கண்ணோரத்தில் வெள்ளை தெரியும். அதற்குப் பிறகுதான் உறுமல். அதாவது உங்கள் நாய் பல தடவை நோட்டீஸ் கொடுத்திருக்கிறது, கடைசி நோட்டீஸ் மட்டும்தான் உங்கள் காதில் விழுந்திருக்கிறது. உறுமியதற்காக அடித்துவிடாதீர்கள். அடித்தால் உறுமலை விட்டுவிடும், நேராகக் கடிக்கும். பட்டினி போடச் சொன்னாரே, அது இதைவிட மோசம். தட்டுக்காக உறுமும் நாயைப் பட்டினி போட்டால் தட்டின் மதிப்பு இன்னும் ஏறும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. அது தின்னும்போது நீங்கள் சில அடி தள்ளி நடந்து போய், தட்டில் இருப்பதைவிட ருசியான துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். தட்டைத் தொடாதீர்கள், எடுக்காதீர்கள். நாய் உடம்பு தளர்ந்து, துண்டுக்காக உங்களை நிமிர்ந்து பார்க்கிற நாள் வரும். அதன் பிறகு தூரத்தை மெல்லக் குறையுங்கள். இது பெரியவர்கள் செய்யும் வேலை, மகள் கிட்டவே போகக்கூடாது. அவளுக்கும் நாய்க்கும் சாப்பாட்டு நேரத்தில் நடுவில் ஒரு கதவு, மற்ற நேரத்தில் பக்கத்தில் ஒரு பெரியவர். எவ்வளவு சாதுவானாலும் இந்த விதி மாறாது. அம்மாவுக்கு உண்மையான ஆபத்து கடி அல்ல. வளர்ந்த கடுவன் 40 கிலோவுக்கு மேல் நிற்கும், பாசத்தில் சாய்ந்தே வயதானவரைத் தள்ளிவிடும். மேலே தாவாமல் இருக்க இப்போதே பழக்குங்கள்.

காது வெட்டுவது பற்றி ஒரு பேச்சும் வேண்டாம். சர்வதேச நாய் இன அமைப்பான எஃப்.சி.ஐ.யின் டாபர்மேன் விதியே இப்போது காதும் வாலும் இயற்கையாக இருக்கச் சொல்கிறது. தவிர, ரத்தம் சரியாக உறையாத வான் வில்பிராண்ட் என்ற குறை இந்த இனத்தில் சாதாரணம். எந்த அறுவைக்கு முன்னாலும் உங்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். "கிங் சைஸ்", "வெள்ளை டாபர்மேன்" என்று கூடுதல் விலை சொல்கிறவர்களிடம் அடுத்த குட்டிக்கும் போகாதீர்கள். பெருத்த உருவம் மூட்டுக்குச் சுமை, வெள்ளை என்பது நிறமிக் குறைபாடு. கேட்க வேண்டியது தாய், தகப்பனின் இதயப் பரிசோதனைச் சீட்டு. ஐரோப்பிய டாபர்மேன்களில் பாதிக்கு மேல் வாழ்நாளில் இதயத்தசை விரிந்து பலவீனமாகும் நோய்க்கு ஆளாகின்றன, பல நாய்கள் வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் திடீரென்று விழுந்து சாகின்றன. உங்கள் நாய்க்கு மூன்று வயதானதும் ஆண்டுக்கொரு முறை 24 மணி நேர ஈ.சி.ஜி.யும் எக்கோ என்ற இதய ஸ்கேனும் எடுத்துவிடுங்கள்.

ஆகவே, கொடுக்க வேண்டாம். வீட்டோடு வைத்துக்கொள்ள உங்களால் முடியாது, மோட்டார் ரூம்தான் அதற்கு இடம் என்றால் மட்டும், இன்றைக்கே அதை வீட்டுக்குள் வைத்து வளர்க்கும் ஒருவரிடம், உறுமிய விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

கால்சியம் பவுடரை நிறுத்துங்கள். பெரிய இனக் குட்டிகளுக்கான தரமான தீவனத்தில் தேவையான அளவு இருக்கிறது. அதற்கு மேல் போனால் எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். மிச்ச டப்பாவை ஆட்டுக்குப் போடலாமா என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம். அதற்கும் தேவையில்லை.