மஞ்சள் விளக்கு சொல்வதைக் கேளுங்கள்

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற யாஷிகா எலக்ட்ரோ 35 ஜி.எஸ்.என். கமராவில் 400 பிலிம் போட்டு, பிளாஷ் இல்லாமல், நல்லூர்ச் சப்பறத் திருவிழாவை வீதியில் நின்று எடுத்தேன். அந்த றோல் முழுவதும் இருட்டாக வந்தது. பிறகு பற்றரி போட்டு, ஒரு கலியாண வரவேற்பில் இரண்டாவது றோலை எடுத்தேன். அதில் வெளிச்சம் இருக்கிறது, ஆனால் எல்லாம் கலங்கல். பழைய கமரா விற்கும் ஒருவர், இந்த லென்ஸுக்கு இரவில் சக்தி போதாது, 3200 பிலிமும் வேறொரு கமராவும் வாங்குங்கள் என்கிறார். வாங்கலாமா? (கொக்குவில் வாசகி)

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய நெகற்றிவ் துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு றோலிலும் நேர்ந்திருப்பவை ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பிழைகள், அவை இரண்டிலும் லென்ஸுக்குப் பங்கில்லை.

இந்தக் கமராவின் ஷட்டரை இயக்குவது மின்சுற்று. பற்றரி இல்லாவிட்டாலும் பட்டனை அழுத்தினால் ஷட்டர் திறந்து மூடும், ஆனால் எப்போதும் 1/500 செக்கனில் மட்டுமே மூடும். இரவு வீதியில் 1/30 செக்கன் தேவைப்படும் இடத்தில் 1/500 என்றால் பிலிமுக்குக் கிடைப்பது பதினாறில் ஒரு பங்கு வெளிச்சந்தான். உங்கள் முதல் றோலில் சப்பறத்து மின்குமிழ்கள் ஊசிமுனை போலக் கூராகப் பதிந்திருக்க, மற்ற இடமெல்லாம் வெறுங் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதற்குக் காரணம் இதுவே. அந்தப் புள்ளிகளைப் பதித்தது 45 மில்லிமீற்றர், எஃப் 1.7 லென்ஸ், அதாவது வெளிச்சத்துக்கு மிக அகலமாகத் திறக்கும் லென்ஸ். அதைச் சக்தி குறைந்தது என்று சொல்பவருக்கு லென்ஸ் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

இக்கமராவுக்கு முதலில் வந்தது 5.6 வோல்ற் பாதரசப் பற்றரி. பாதரசம் நஞ்சு என்பதால் அது இப்போது உற்பத்தியில் இல்லை. இதைச் சாட்டாக வைத்து "அசலுக்கு நிகரான" பற்றரி என்று சிலர் கொள்ளை விலை சொல்கிறார்கள். மணிக்கூட்டுக் கடையில் கிடைக்கும் எல்.ஆர். 44 என்ற பொத்தான் பற்றரிகள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கடதாசியால் இறுக்கிச் சுற்றி, மிச்ச நீளத்துக்கு ஒரு சிறு ஸ்பிரிங்கை வைத்தால் 6 வோல்ற் கிடைக்கும். இந்த மொடலின் மின்சுற்று அந்தச் சிறு வேறுபாட்டைத் தாங்கும். போட்டபின் கமராவின் பின்புறத்துச் சோதனைப் பட்டனை அழுத்துங்கள். படம் எண்ணும் சாளரத்தில் பச்சை வெளிச்சம் வரவேண்டும். வராவிட்டால் பற்றரிக் கூட்டின் தொடுமுனையில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பார்த்து, பஞ்சில் வினாகிரி தொட்டுத் துடைத்து நன்றாக உலரவிடுங்கள்.

இன்னொன்று, பிலிமை முன்னகர்த்தும் நெம்பை இழுக்கும்போது உள்ளே "டக்" என்று ஒரு சத்தம் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் உள்ளிருக்கும் ஒரு சிறு ரப்பர்த் துண்டு நைந்துவிட்டது என்று பொருள். மாற்றவேண்டியது நகக்கண் அளவு ரப்பர் மட்டுமே. "சேர்க்கிற் போய்விட்டது" என்று கணக்குச் சொல்பவரிடமிருந்து கமராவை உடனே திரும்ப வாங்கிவிடுங்கள்.

இனி இரண்டாவது றோல். பற்றரி வேலை செய்தது, கமரா தன் கடமையைச் செய்தது, நீங்கள்தான் அது சொன்னதைக் கேட்கவில்லை. பட்டனைப் பாதி அழுத்தும்போது மஞ்சள் விளக்கு எரிந்தால், ஷட்டர் 1/30 செக்கனை விட மெதுவாக இயங்கப்போகிறது என்பது அதன் அறிவிப்பு. முதலில், லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் அளவை மாற்றும் துவார வளையத்தை 1.7 வரை திறவுங்கள். அதன்பிறகும் மஞ்சள் எரிந்தால் கையில் வைத்து எடுக்காதீர்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைச் சற்று விரித்தே சொல்லவேண்டும். மஞ்சள் விளக்கு 1/25 செக்கனுக்கும் எரியும், நான்கு செக்கனுக்கும் எரியும். எவ்வளவு மெதுவென்று அது சொல்லாது. அதை உங்கள் காதுதான் சொல்லவேண்டும். வீட்டில், பிலிம் போடாமல், மாலை விளக்கு வெளிச்சத்தில் பட்டனை அழுத்திப் பாருங்கள். திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் ஒட்டி ஒன்றாகக் கேட்டால் பயமில்லை. இரண்டும் பிரிந்து கேட்கத் தொடங்கினால் உடலைத் தூணிலோ மதிலிலோ சாய்த்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி அழுத்தவேண்டும். இரண்டுக்கும் இடையில் "ஒன்று" என்று சொல்ல நேரம் இருந்தால், மதிற்கட்டில் கமராவை வைக்காமல் எடுப்பது வீண். கண்ணாடி மேலெழும் வகைக் கமராக்களில் அந்தக் கண்ணாடி அடித்து எழும் அதிர்வு இருக்கும். உங்களுடையது போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கமராவில் அது இல்லாததால் 1/15 செக்கனைக்கூடக் கையில் பிடித்துவிடலாம். ஆனால் உங்கள் கை அசையாமல் இருந்தாலும் எதிரில் நிற்பவர் அசைவார். ஐயர் தீபத்தை உயர்த்தி ஒரு கணம் நிறுத்துவாரே, சப்பறம் திருப்பத்தில் ஒரு கணம் தரித்து நிற்குமே, அந்தக் கணங்களுக்காகக் காத்திருங்கள். கலியாண வீட்டில் மாப்பிள்ளை சிரித்து முடிக்கும் வரை எந்த விலக்கும் செல்லாது.

பிலிமைப் பொறுத்தவரை, பிலிமின் வேகத்தை, அதாவது அது வெளிச்சத்தை உணரும் அளவை அமைக்கும் உங்கள் கமராவின் ஏ.எஸ்.ஏ. வளையம் 1000 உடன் முடிகிறது. 3200 என்று அமைக்க அதில் இடமே இல்லை. விற்பவர் இதைச் சொன்னாரா? இல்ஃபோர்ட் டெல்டா 3200 இன் உண்மையான வேகமே ஏறத்தாழ 1000 தான் என்பதால் அதை 1000 இல் வைத்து எடுக்கலாம், நன்றாகவும் வரும், ஆனால் கொடுக்கும் விலைக்கு அது தேவையில்லை. இல்ஃபோர்ட் எச்.பி. 5 பிளஸ் 400 ஐ வாங்கி, வளையத்தை 800 இல் வைத்து றோல் முழுவதையும் எடுத்து, அதற்கேற்பக் கூடுதல் நேரம் கழுவினால், மஞ்சள் எரிந்த பல இடங்களில் அது எரியாது. காலாவதியான 3200 பிலிமை மலிவு என்று யாராவது நீட்டினால் தொடவே வேண்டாம். வேகமான பிலிம்தான் முதலில் மங்கிப்போகும், அதுவும் நம் ஊர் வெக்கையில்.

படத்துக்குள் மின்குமிழ்கள் நிறைந்தால் கமரா ஏமாந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகங்கள் கறுத்துப்போகும். அந்நேரம் மட்டும் வளையத்தை 800 இலிருந்து 400 க்குத் திருப்பி எடுத்துவிட்டு, மறக்காமல் திரும்ப 800 இல் வையுங்கள்.

குவியமும் ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டு மீற்றர் தூரத்தில் துவாரத்தை முழுதாகத் திறந்து எடுத்தால், கூராக விழும் ஆழம் சுமார் 20 சென்ரிமீற்றர் மட்டுமே. பார்க்கும் சாளரத்தின் நடுப்பொட்டில் தெரியும் இரட்டை உருவத்தை முகத்தில் பொருத்தித் தடுமாறாமல், வேட்டிக் கரையிலோ குத்துவிளக்கின் தண்டிலோ, நேராக நிற்கும் ஒரு விளிம்பில் பொருத்துங்கள். நடுப்பொட்டு மங்கலாக இருந்தால் வெளிக்கண்ணாடியை மட்டும் துடையுங்கள். உள்ளே இருக்கும் பாதி வெள்ளி பூசிய கண்ணாடியைத் துடைக்க எவரையும் விடாதீர்கள். என் கமரா ஒன்றைப் பூஞ்சணம் எடுக்கக் கொடுத்தபோது, திருத்தியவர் அதையும் சேர்த்துப் பளபளவென்று துடைத்துத் தந்தார். பூச்சும் போயிற்று, பொட்டும் போயிற்று, கூலியும் போயிற்று.

கடைசியாக, என் பொறுமையைச் சோதிக்கும் விடயம். இங்கே றோலை வாங்கிக் கொழும்புக்கு அனுப்பிக் கழுவித் தரும் இடைத்தரகர்களிடம் "800 க்குக் கழுவவும்" என்று எழுதிக் கொடுத்தாலும் அந்தத் துண்டு வழியில் தொலைந்துவிடுகிறது. பிலிம் 400 க்கே கழுவப்பட்டு வருகிறது. கேட்டால் "கொம்பியூற்றரில் வெளிச்சம் கூட்டித் தருகிறோம்" என்கிறார்கள். பிலிமில் பதியாததை எந்தக் கொம்பியூற்றரும் கொண்டுவராது. இத்தனை ஸ்ரூடியோக்கள் இருந்த ஊரில் ஒரு கறுப்பு வெள்ளை றோலைக் கழுவ இன்னொரு நகரத்தின் தயவை வேண்டி நிற்கிறோம். ஆகவே வீட்டிலேயே கழுவப் பழகுங்கள். 800 இல் எடுத்த எச்.பி. 5 பிளஸுக்கு, ஐ.டி. 11 என்ற பிலிம் கழுவும் கரைசலில், மேலும் நீர் கலக்காமல், 20 பாகை செல்சியஸில், பத்தரை நிமிடம். நம் குழாய்த் தண்ணீர் 28 பாகைக்குக் குறையாது என்பதால், ஐஸ் கட்டி போட்ட பேசினில் கரைசல் போத்தலை நிறுத்தி, வெப்பமானியைப் பார்த்தபடி இருங்கள்.

லண்டனிலோ கனடாவிலோ இருந்து உறவினர் பிலிம் கொண்டுவந்தால், கைப்பையில் வைத்து, விமான நிலையத்து எக்ஸ்கதிர் இயந்திரத்தில் விடாமல் கையால் சோதிக்கும்படி கேட்கச் சொல்லுங்கள். பெரிய பெட்டிக்குள் வைத்தனுப்பினால் அந்தப் பிலிமுக்கு நான் பொறுப்பில்லை.

உங்கள் நெகற்றிவ்களைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இரண்டாவது றோலில் பதினோராவது படத்தைப் பாருங்கள்: தூணில் சாய்ந்து எடுத்திருக்கிறீர்கள் போலும், அது ஒன்று மட்டும் கலங்கவில்லை.