சடை மறுபடியும் தடிக்குமா?

கேள்வி: எனக்கு 36 வயது. மதுரையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சித்திரையில் அப்பா பக்கவாதம் வந்து விழுந்தார். மூன்று வாரம் ஐ.சி.யு. வாசலிலேயே கிடந்தோம், அப்பா வீடு திரும்பவில்லை. சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் 7 கிலோ இளைத்துவிட்டேன். ஆடியிலிருந்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. இடுப்பு வரை கனமாக இருந்த சடை எலிவால் மாதிரி ஆகிவிட்டது. வெள்ளை வேரோடு வந்துவிடுவதால் இனி முளைக்கவே முளைக்காதோ என்று பயமாக இருக்கிறது. மூலிகை எண்ணெய், சின்ன வெங்காயச் சாறு, பயோட்டின் மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்கிறார் மாமியார். தையில் நாத்தனார் கல்யாணம் வேறு. பழைய முடி திரும்ப வருமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, அப்பாவின் பிரிவுக்கு என் ஆழ்ந்த வருத்தங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், முடி திரும்ப வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. அப்பா விழுந்தது சித்திரையில், முடி கொட்ட ஆரம்பித்தது ஆடியில். இந்த மூன்று மாத இடைவெளிதான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துகொண்டிருக்கும். மீதிப் பங்கு ஓய்வில் இருக்கும். ஓய்வுக்குப் போன முடி சுமார் மூன்று மாதம் அப்படியே தலையில் ஒட்டிக்கொண்டிருந்து, பிறகு விழும். அதனால்தான் எந்தக் கவலையும் இல்லாதவர்களுக்கும் தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்கிறது. டெங்கு, டைபாய்டு, பிரசவம், பெரிய ஆபரேஷன், திடீரென்று எடை குறைவது, தாங்க முடியாத துக்கம் இவற்றில் எது வந்தாலும் உடம்பு முடி வளர்க்கும் வேலையை நிறுத்திவைத்துவிடும். வளர வேண்டிய முடியில் கணிசமான பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், மூன்று மாதம் கழித்து மொத்தமாக உதிரும். இதற்கு டெலோஜென் எஃப்ளூவியம் என்று பெயர். 1961-ல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் வைத்த பெயர் அது. ஆக, நீங்கள் இப்போது சீப்பில் பார்ப்பது இன்றைய சேதம் இல்லை. ஐ.சி.யு. வாசலில் கிடந்த நாட்களில் நின்றுபோன முடி அது.

அந்த வெள்ளை வேரைப் பற்றிச் சொல்கிறேன். அடுத்த முறை உதிர்ந்த முடி ஒன்றை எடுத்து, கறுப்புத் துணி மேல் வைத்துப் பாருங்கள். ஒரு நுனியில் குண்டூசித் தலையை விடச் சின்னதாக, வெள்ளையாக ஒரு முனை தெரியும். அது வேர் இல்லை. ஓய்வுக்குப் போன முடியின் அடிப்பகுதி காய்ந்து உருண்டிருப்பதுதான் அது. முடியை முளைக்கவைக்கும் குழி தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. பெரும்பாலும் அங்கே அடுத்த முடி கிளம்பிவிட்ட பிறகுதான் பழையது விழுகிறது. நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று நெற்றியோரத்தையும் வகிட்டோரத்தையும் பாருங்கள். நுனி கூர்மையாக, எண்ணெய் வைத்தாலும் படியாமல் நிற்கிற குட்டி முடிகள் இருந்தால், புது முடி வரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பாத்ரூம் ஜாலியில் விழுந்த முடியை எண்ணுவதை விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை இந்த ஓரங்களைப் பாருங்கள். அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் வகிட்டை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் வரும். கொட்டுவது நிற்பது வேறு, அடர்த்தி திரும்புவது வேறு. காரணம் விலகிவிட்டால் கொட்டுவது பொதுவாக ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் முடி மாதத்துக்கு ஒரு செ.மீ.தான் வளரும். இன்று முளைக்கும் முடி நீங்கள் சடையைக் கட்டும் இடத்தை எட்டவே ஒன்றரை வருடம் ஆகும்; இடுப்பை எட்ட ஐந்து வருடத்துக்கு மேல். அதுவரை சடை மேலே தடித்தும் கீழே மெலிந்தும்தான் இருக்கும். எதுவும் வேலை செய்யவில்லை என்று பலர் மனம் விட்டுப்போவது இந்தக் கட்டத்தில்தான். அதனால் தோளுக்குக் கீழே ஒரு சாண் விட்டு, மீதியை வெட்டிவிடுங்கள். நீளமாக வளர்த்ததை வெட்ட மனசு வராது, புரிகிறது. ஆனால் நுனிவரை ஒரே கனமாகத் தெரிய இதை விடச் சீக்கிரமான வழி இல்லை.

மொட்டை வேண்டாம். வேண்டுதல் என்றால் அது உங்கள் விருப்பம். அடர்த்திக்காக என்றால் பலன் இல்லை. கத்தி தோலுக்கு மேலே இருப்பதைத்தான் எடுக்கிறது. உள்ளே இருக்கும் குழிகளின் எண்ணிக்கையும் மாறாது, முடியின் தடிமனும் மாறாது. மழித்த முடியின் நுனி மழுங்கியிருப்பதால் கைக்குச் சொரசொரவென்று தடித்தாற்போல் படும். மாமியார் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தேங்காய் எண்ணெய் முடித்தண்டு உடையாமல் காக்கும், தாராளமாகத் தேயுங்கள். ஆனால் எந்த எண்ணெயும் ஓய்வில் இருக்கும் குழியை எழுப்பாது. அதற்காக ஆயிரக்கணக்கில் காசு கொடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வெங்காயச் சாறு தலையைப் புண்ணாக்கினால் உடனே நிறுத்துங்கள். பயந்துகொண்டு தலைக்குக் குளிக்காமலும் இருக்காதீர்கள். விழ வேண்டிய முடி குளித்தாலும் விழும், குளிக்காவிட்டாலும் விழும். நாள் தள்ளிக் குளித்தால் எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் வந்து இன்னும் பயமுறுத்தும்.

பணம் செலவழிப்பதாக இருந்தால் ரத்தப் பரிசோதனைக்குச் செலவழியுங்கள். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., வைட்டமின் டி, பி12 ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் தரைதட்டிக் கிடப்பது நம் பெண்களிடம் மிகச் சாதாரணம். மாதவிலக்கு அதிகமாகப் போகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு முக்கியமான விஷயம்: பயோட்டின் மாத்திரை தைராய்டு ரிசல்ட்டையே தப்பாகக் காட்டிவிடக்கூடும். பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு, சாப்பிட்டு வந்ததை டாக்டரிடமும் சொல்லுங்கள். சத்துக் குறைவு இல்லாதவர்களுக்கு பயோட்டினால் முடி வளரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்தால் காபி, டீயோடு சேர்க்காதீர்கள். எலுமிச்சைச் சாறோடு போட்டால் உடம்பில் நன்றாகச் சேரும்.

7 கிலோ இளைத்தது தனியாகவே முடியைக் கொட்டவைக்கப் போதும். முடி என்பது பெரும்பாலும் புரதம்தான். காலையில் இரண்டு இட்லியோடு பள்ளிக்கு ஓடுகிறவராக இருந்தால், கூடவே இரண்டு அவித்த முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல் சேருங்கள். மதியம் குழம்பில் மேலாக நிற்கும் தண்ணீரை மட்டும் ஊற்றாமல் பருப்பை அள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். மீன், தயிர், வேர்க்கடலை என்று வீட்டில் எது உண்டோ அது.

தூக்கம் இன்னும் வரவில்லை என்றால், அப்பாவை நினைத்து அன்றாட வேலையே ஓடவில்லை என்றால், முடிக்கு முன்னால் அதைக் கவனிக்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். தயங்காதீர்கள்.

வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போனாலோ, காசு அளவில் வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, தலை எரிச்சலோடு செதில் உரிந்தாலோ, ஆறு மாதம் தாண்டியும் கொட்டுவது நிற்காவிட்டாலோ தோல் மருத்துவரை நேரில் பாருங்கள். அவை வேறு பிரச்சினைகள், சிகிச்சையும் வேறு. முடி வளரத் தலையில் தடவும் மினாக்சிடில் மருந்தை மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே வாங்கிப் போட வேண்டாம். சிலருக்கு அது தேவைப்படும். ஆனால் ஆரம்ப வாரங்களில் அதுவே கொஞ்சம் முடியைக் கொட்டவைக்கும், கர்ப்பமாக இருப்பவர்கள் போடவே கூடாது. அது வேண்டுமா என்பதை டாக்டர் தலையைப் பார்த்துச் சொல்லட்டும்.

தை கல்யாணத்துக்குள் கொட்டுவது ஏறக்குறைய அடங்கியிருக்கும், சடையின் கனம் மட்டும் வந்திருக்காது. அன்று சவுரி வைத்துப் பின்னிப் பூ வைத்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. எடை குறைந்த சவுரியாகப் பாருங்கள். வேரில் இழுத்துக் கட்டாமல் நடுமுடியில் இணைக்கச் சொல்லுங்கள், ராத்திரி படுக்கும் முன் கழற்றிவிடுங்கள்.