கிழித்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்

வணக்கம் அம்மா. மகள் பள்ளியில் ஏபி டிராயிங் (அமெரிக்காவின் காலேஜ் போர்டு நடத்தும், கல்லூரி நிலை ஓவியப் பாடம்) எடுத்திருக்கிறாள், இதுவரை வரைந்ததில் அழகானவற்றைப் பொறுக்கி அனுப்பினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

இந்தப் பாடத்துக்கு எழுத்துத் தேர்வே கிடையாது. போர்ட்ஃபோலியோதான் தேர்வு. அதில் இரண்டு பகுதிகள். திறமை நன்றாகத் தெரியும் ஐந்து படைப்புகளைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது ஒன்று. அதற்கு 40 சதவீதம். 'சஸ்டெய்ன்ட் இன்வெஸ்டிகேஷன்' என்ற தொடர் தேடல் இன்னொன்று. 15 படங்கள், 60 சதவீதம். நீங்கள் பொறுக்கி வைத்திருக்கும் அழகான படங்கள் முதல் பகுதிக்கு உதவும். அறுபதுக்கு வேறு கணக்கு. பிள்ளைக்குத் தனக்கென்று ஒரு கேள்வி இருக்கிறதா, அதைத் தேடிப் போனதில் பயிற்சியும் பரிசோதனையும் திருத்தமும் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்றுதான் அங்கே பார்ப்பார்கள்.

'முதுமை' என்று மகள் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அது தலைப்பு, கேள்வி ஆகவில்லை. "பாட்டிக்கு நினைவு மங்கிக்கொண்டே வருகிறது, அந்த மங்கலைக் கோட்டில் எப்படிக் கொண்டுவருவது?" என்று கேட்டுப் பார்க்கட்டும். உடனே கைக்கு வேலை வந்துவிடும். சார்கோலில், அதாவது கரிக்குச்சியில், முகத்தை வரைந்து ரப்பரால் பாதியை அழித்துப் பார்க்கலாம். டிரேசிங் தாளை அடுக்கடுக்காக வைத்து வரையலாம். பாட்டியைப் பார்க்காமல் நினைவிலிருந்து மட்டும் நாலு முறை வரையலாம். ஒரு படம் தோற்றால், ஏன் தோற்றது என்பதிலிருந்து அடுத்த படம் பிறக்கும். நடுவில் கேள்வியே கொஞ்சம் மாறினாலும் பயப்பட வேண்டாம். தேடினால் மாறத்தான் செய்யும்.

அதனால்தான் தலைப்பில் அப்படிச் சொன்னேன். பிள்ளைகள் சரியாக வராத தாளை வெட்கப்பட்டுக் கிழித்துவிடுகிறார்கள். பிறகு ஏப்ரலில், திருத்தம் செய்ததற்குச் சான்று ஒன்றுமில்லாமல் தவிக்கிறார்கள். ஸ்கெட்ச்புக் பக்கம், அரைகுறைப் படம், ஒரே படம் வளர்ந்த வெவ்வேறு கட்டங்கள் எல்லாவற்றையும் தேதி போட்டுப் படம் எடுத்து வைக்கட்டும். அந்த 15-இல் இவற்றுக்கும் இடமுண்டு.

படம் எடுப்பதை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். மதிப்பிடுபவர் பார்க்கப்போவது திரையில் தெரியும் படத்தைத்தான். ஃபிளாஷ் வேண்டாம்; ஜன்னலோர வெளிச்சத்தில், கேமரா தாளுக்கு நேராக இருக்கும்படி எடுத்து, ஓரங்களை வெட்டிவிட்டால் போதும்.

எழுத்தும் உண்டு. கேள்வி என்ன என்பதற்கு 600 எழுத்துகள் வரை, அந்தக் கேள்வி வேலையை எப்படி வழிநடத்தியது என்பதற்கு 600 எழுத்துகள் வரை, இடைவெளியும் சேர்த்துத்தான். ஆங்கிலம் திருத்தித் தருகிறேன் என்று நீங்கள் உட்கார வேண்டாம். எழுத்துப்பிழைக்கும் இலக்கணத்துக்கும் அங்கே மதிப்பெண் குறைக்கமாட்டார்கள். அவள் சொல்வதும் படங்களில் தெரிவதும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியை எந்தக் கட்டத்திலும் தொடக் கூடாது, யோசனைக்குக்கூட. இணையத்தில் கிடைத்த பிறர் புகைப்படத்தை அப்படியே பார்த்து வரைவதும் ஆகாது. பாட்டியை அவளே படம் எடுக்கட்டும், எதிரில் உட்கார்ந்து வரையட்டும்.

மே மாதத் தொடக்கத்தில் எல்லாம் போய்ச் சேர வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை இருக்கும் படங்களை எல்லாம் தரையில் பரப்பச் சொல்லுங்கள். எது நன்றாக இருக்கிறது என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். எதை மறுபடி வரையத் தோன்றுகிறது என்று மட்டும் கேளுங்கள். அவள் கைகாட்டும் படத்திலிருந்து நாம் தொடங்கலாம். குப்பையில் போட்டுவிட்டாள் என்றீர்களே, அந்த இரண்டு சார்கோல் தாள்கள், அவை இன்னும் வீட்டில் இருந்தால் இன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள்.