மீதி மருந்து ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும்

கேள்வி: டாக்டர், எனக்கு 31 வயது. ஆவணியில் தம்பிக்குக் கல்யாணம். என் மேலுதடு ரொம்ப மெல்லிசு, சிரித்தால் போட்டோவில் காணாமலே போய்விடும். இன்ஸ்டாகிராமில் ஆடித் தள்ளுபடி விளம்பரம் பார்த்து, கணவரிடம் மட்டும் சொல்லிவிட்டு, ஒரு கிளினிக்கில் லிப் ஃபில்லர் (உதட்டைப் பெரிதாக்கும் ஜெல் ஊசி) போட்டுக்கொண்டேன். இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. மேலுதட்டில் இடப்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கிறது, வலப்பக்கம் பழையபடியே இருக்கிற மாதிரி தெரிகிறது. இடப்பக்கம் உள்ளே நாக்கால் தடவினால் மிளகு அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்படுகிறது. வலி இல்லை. நாத்தனார் "பல் ஏதும் பிடுங்கினியா?" என்று கேட்டுவிட்டார். கிளினிக்குக்கு போன் செய்தால், "ஒரு மி.லி. சிரிஞ்சில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் போட்டோம். மீதியை உங்க பேர் எழுதி ஃபிரிட்ஜில் வெச்சிருக்கோம். நாளைக்கே வாங்க, சின்னதா இருக்கிற பக்கம் ஏத்திச் சமமாக்கிடலாம், காசு வேண்டாம்" என்கிறார்கள். கல்யாணத்துக்கு இன்னும் 24 நாள்தான் இருக்கிறது. போகட்டுமா? இல்லை, எல்லாவற்றையும் கரைத்துவிடட்டுமா?
– பெயர் வேண்டாம், கோவை.

பதில்: நாளைக்குப் போகாதீர்கள். அந்த ஃபிரிட்ஜ் சிரிஞ்சுக்காக எந்த நாளும் போகாதீர்கள். கரைக்கிற முடிவையும் இன்று எடுக்க வேண்டாம்.

முதலில் அந்தச் சிரிஞ்சு விஷயம். ஃபில்லர் சிரிஞ்சு ஒருவருக்கு ஒரு தடவை போடுவதற்கென்று கிருமி நீக்கி அடைத்து வருவது. பிரித்து, உங்கள் உதட்டில் குத்தி, வெளியே எடுத்த பிறகு அது சுத்தமான மருந்து இல்லை. மேலே உங்கள் பெயரையே எழுதியிருந்தாலும் சரி, மீதியைக் கொட்டிவிட வேண்டும் என்றுதான் தயாரிப்பாளர்களே அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சடித்திருக்கிறார்கள். வாயில் இருக்கிற கிருமிகளைக் கொஞ்சம் ஜெல்லோடு சேர்த்துச் சில நாள் வைத்திருந்து மறுபடி உள்ளே செலுத்தினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. ஃபிரிட்ஜில் பால் வைத்துப் பழகிய நமக்கு "குளிரில் இருந்தால் கெடாது" என்று ஒரு நம்பிக்கை. குளிரில் கிருமி வளர்வது மெதுவாகும், அவ்வளவுதான். இத்தனைக்கும் பிரிக்காத ஃபில்லரைப் பெரும்பாலும் சாதாரண அறை வெப்பத்திலேயே வைக்கலாம். ஒரு கிளினிக் உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து இப்படிச் சொன்னாலும், அந்த ஒரு வாக்கியத்திலிருந்து அங்கே மற்ற விஷயங்கள் எப்படி நடக்கும் என்று நான் ஊகித்துவிடுவேன்.

இரண்டாவது, ஒன்பதாம் நாள் என்பது தீர்ப்பு சொல்லும் நாளே இல்லை. உதட்டில் ஊசி போட்டால் முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம் உச்சத்தில் இருக்கும், பிறகு படிப்படியாக வடியும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வடிய வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. உதட்டுக்குள் ரத்தக் குழாய்கள் வலை மாதிரி ஓடுகின்றன. ஊசி நுனி ஒரு பக்கம் ஒரு சின்னக் குழாயைத் தொட்டிருந்தால் அந்தப் பக்கம் உள்ளே ரத்தம் கட்டி, மற்றதைவிடக் கூடுதலாக வீங்கும். வெளியே நீலம் மறைந்த பிறகும் உள்ளே அந்தக் கட்டு கொஞ்ச நாள் இருக்கும். போதாததற்கு, போட்ட ஜெல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் வகை. ஹயலூரானிக் அமிலம் என்ற அந்தப் பொருள் நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயற்கையாகவே இருக்கிறது, ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அது தண்ணீர் குடித்து ஓய்ந்து தன் இடத்தில் உட்கார இரண்டு வாரம் வேண்டும், சிலருக்கு நான்கு வாரம்.

இந்த நேரத்தில் சின்னப் பக்கத்தை "ஏற்றினால்" என்ன நடக்கும்? வீங்கியிருக்கிற இடப்பக்கத்தை அளவுகோலாக வைத்து வலப்பக்கத்தை நிரப்புவார்கள். பத்து நாளில் இடப்பக்கம் வடிந்துவிடும், அப்போது வலப்பக்கம் பெரிது. மறுபடி இடப்பக்கம் ஏற்ற வேண்டும். ஆடுகிற மேசைக்கு ஒவ்வொரு காலாகச் சீவிக்கொண்டே போய்க் கடைசியில் மணை ஆக்கின கதைதான், ஆனால் இங்கே தலைகீழ், உதடு ஏறிக்கொண்டே போகும். வாத்து மூக்கு மாதிரி ஆகிவிட்டது என்று என்னிடம் வருகிறவர்களைக் கேட்டால், அநேகமாக யாரும் அப்படி வேண்டும் என்று ஆரம்பித்ததில்லை. சமப்படுத்தப் போனவர்கள்தான் அதிகம். அளவுக்கு மேல் ஏற்றிய ஜெல் உதட்டின் எல்லைக்கோட்டைத் தாண்டி மீசை முளைக்கும் இடத்துக்கு நகர்ந்தும் போகும்.

இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். ஃபில்லர் போடுவதற்கு முன்னால் எடுத்த போட்டோக்களைத் தேடுங்கள். செல்ஃபி வேண்டாம், சில போன்களில் அது கண்ணாடிப் பிம்பமாக இடவலம் மாறிப் பதிவாகும், நீங்கள் குழம்பிப் போவீர்கள். இன்னொருவர் எடுத்த படம், வாய் மூடி நேராகப் பார்க்கிற படம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருந்தால் உத்தமம். அதில் உங்கள் மேலுதட்டை விரல் வைத்துப் பாதி பாதியாக மறைத்துப் பாருங்கள். முன்பே இடப்பக்கம் ஒரு கடுகளவு பெரிதாக இருந்திருக்க வாய்ப்பு உண்டு. ஏனென்றால் இரண்டு பக்கமும் அச்சு அசலாக இருக்கிற உதடு மனிதர்களிடம் கிடையாது. நாம் அதைக் கவனிப்பதே ஊசி போட்ட பிறகுதான். நல்ல கிளினிக்கில் ஊசிக்கு முன்பே நேர்முகமாகவும் இரு பக்கவாட்டிலும் படம் எடுத்து, "இங்கே ஏற்கெனவே சின்ன வித்தியாசம் இருக்கு பாருங்க" என்று காட்டிவிடுவார்கள். உங்களுக்கு எடுத்தார்களா?

அப்படியே இன்னொன்றும் பாருங்கள். வாய் மூடியிருக்கும்போது கோணலா, சிரிக்கும்போது மட்டும் கோணலா? சிரிக்கும்போது மட்டும் என்றால் அது சிரிப்புத் தசைகளின் இழுப்பாக இருக்கலாம், ஃபில்லர் போட்டு அதைச் சரி செய்ய முடியாது.

மிளகு அளவுக் கட்டியைப் பற்றி: வலியில்லாத, மெத்தென்று இருக்கிற, தொட்டால் மட்டும் தெரிகிற கட்டி இந்தக் கட்டத்தில் சாதாரணம். ஜெல் ஒரு இடத்தில் திரண்டிருக்கலாம், உள்ளே கட்டிய ரத்தமாகவும் இருக்கலாம். பெரும்பாலும் தானாக இளகிவிடும். நாக்கால் நாள் முழுக்க அதையே நெருடிக்கொண்டிருக்காதீர்கள் (நெருடுவீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்). யூடியூப் பார்த்து அழுத்திப் பிசைய வேண்டாம். பிசைய வேண்டிய கட்டி எது, எவ்வளவு அழுத்தம் என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மஞ்சள் பற்று, விளக்கெண்ணெய் ஒத்தடம் இரண்டும் வேண்டாம். சுடச்சுட ஆவி பிடிப்பதையும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். இந்த இரண்டு வாரத்துக்குள் பல் டாக்டரிடம் சுத்தம் செய்யும் வேலை வைத்திருந்தால் அதையும் ஒத்திப்போடுங்கள். அங்கே கிளம்பும் கிருமிகள் ரத்தத்தில் கலந்து ஜெல்லில் போய் ஒட்டக் கூடாது.

இப்போது, காத்திருக்கக் கூடாத சங்கதிகள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஊசி போட்ட அன்றோ மறுநாளோ உதடோ அதைச் சுற்றிய தோலோ சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தாலும், வலைபின்னல் மாதிரி ஊதா நிறம் படர்ந்தாலும், வலி ஏறிக்கொண்டே போனாலும், விரலால் அழுத்தி எடுத்தபின் இரண்டு மூன்று விநாடியில் சிவப்பு திரும்பாவிட்டாலும், ஜெல் ரத்தக் குழாயை அடைத்திருக்கலாம். சில மணி நேரத்துக்குள் கரைக்காவிட்டால் அந்த இடத்துத் தோலும் தசையும் அழுகிவிடலாம். ராத்திரி என்றாலும் கிளம்ப வேண்டும். வலி இல்லாமல் ஒன்பது நாள் கடந்துவிட்ட உங்களுக்கு அந்தப் பயம் அநேகமாக இல்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: இனிமேல் அந்தக் கட்டி சிவந்து, சூடாகி, வலித்தால், சீழ் கோத்தால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். உதட்டோரத்தில் கொத்தாகக் கொப்புளம் வந்தால் சூட்டுக் கொப்புளம் என்று விட்டுவிடாதீர்கள். அது ஹெர்பிஸ் வைரஸ், ஊசிக்குப் பிறகு கிளம்புவது உண்டு, அதற்கு மாத்திரை இருக்கிறது.

கரைப்பது பற்றிக் கேட்டீர்கள். ஹயலூரானிடேஸ் என்றொரு நொதி இருக்கிறது. கண்புரை ஆபரேஷனில் கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போடும்போது மருந்து நன்றாகப் பரவ இதைத்தான் சேர்ப்பார்கள், அவ்வளவு பழைய மருந்து. ஹயலூரானிக் அமில ஜெல்லை ஒன்றிரண்டு நாளில் கரைத்துவிடும். எல்லாவற்றையும் கரைக்கத்தான் வேண்டும் என்றில்லை. அந்த மிளகுக் கட்டியை மட்டும் குறிவைத்துத் துளியளவு போட்டு இடப்பக்கத்தைக் குறைக்கவும் முடியும். உங்கள் விஷயத்தில் அதுவே போதுமானதாக இருக்கலாம். ஆனால் சிலருக்கு இது ஒவ்வாது. தேனீயோ குளவியோ கொட்டி உடம்பெல்லாம் தடித்த அனுபவம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். தேனீ விஷத்திலும் இதே வகை நொதி இருக்கிறது. அவசரம் இல்லாதபோது முதலில் கையில் சோதித்துப் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது. கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

ஆனால் இது எல்லாமே உள்ளே போனது ஹயலூரானிக் அமிலம் என்றால்தான். சிலிக்கோன் மாதிரி வேறு ஏதாவது என்றால் இந்த நொதி ஒன்றும் செய்யாது. என்ன பிராண்ட் போட்டார்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. போட்டவர் டாக்டரா என்றும் இல்லை. இந்த இரண்டும்தான் எனக்கு உங்கள் உதட்டுக் கோணலைவிடப் பெரிய கவலை. ஃபில்லர் பெட்டிக்குள் பேட்ச் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் வரும், ஒன்றை நோயாளியின் ஃபைலில் ஒட்டுவதற்கென்றே கொடுக்கிறார்கள். அதன் படத்தைக் கேட்டு வாங்குங்கள். போட்டவரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். சிகிச்சைக் குறிப்புகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் இருக்கிறது. சண்டை பிடிக்கத் தேவையில்லை, அடுத்து பார்க்கப் போகும் டாக்டருக்கு வேண்டும் என்று சொன்னால் போதும். ஆடித் தள்ளுபடியில் புடவை எடுத்தால் சாயம் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். முகத்தில் போவதற்காவது பில் கேளுங்கள்.

கல்யாணக் கணக்குக்கு வருவோம். 14-ஆம் நாள் ஆக இன்னும் ஐந்து நாள். அன்று காலை ஜன்னல் வெளிச்சத்தில் வாய் மூடி ஒரு படம், சிரித்து ஒரு படம், கணவரை எடுக்கச் சொல்லுங்கள். அதையும் பழைய படத்தையும் எடுத்துக்கொண்டு எம்.டி. அல்லது டி.டி.வி.எல். முடித்த ஒரு தோல் மருத்துவரையோ பிளாஸ்டிக் சர்ஜனையோ பாருங்கள், வேறு இடத்தில். வித்தியாசம் குறைந்திருந்தால் எதுவும் செய்யாமல் வந்துவிடுங்கள். கட்டி அப்படியே நின்று பளிச்சென்று தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் கரைக்கலாம், கல்யாணத்துக்கு அப்போதும் 19 நாள் இருக்கும், வீக்கம் அடங்கிவிடும். கரைத்துவிட்டு மறுபடி புதிதாக ஏற்றிக்கொள்ளத்தான் நேரம் இல்லை. கரைத்தபின் இரண்டு வாரம் விட வேண்டும், ஏற்றியபின் இன்னும் இரண்டு வாரம். அது முகூர்த்தத்தைத் தாண்டிவிடும், ஐப்பசிக்குத் தள்ளுங்கள். அப்போதும் ஆசை இருந்தால் பார்க்கலாம்.

மிச்சமிருக்கும் சின்ன வித்தியாசத்துக்கு மேக்கப் பெண்ணிடம் சொல்லுங்கள். வலப்பக்க ஓரத்தில் லிப் லைனரை ஒரு நூல் வெளியே தள்ளி வரைந்து, இடப்பக்கம் கோட்டுக்குள்ளேயே நிறுத்தினால் தெரியாது. பளபளக்கும் கிளாஸ் வேண்டாம், மேட் லிப்ஸ்டிக் போதும். கிளாஸ் புடைப்பின் மேல் வெளிச்சத்தைப் பிடித்துக் காட்டிக்கொடுக்கும்.

கிளினிக்கிலிருந்து நாளைக்கு போன் வரும். "வேண்டாங்க, 14 நாள் ஆகட்டும்னு சொல்லியிருக்காங்க. அந்த மீதியைக் கொட்டிடுங்க, ஸ்டிக்கரை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள்.