லைன் நின்றால் டைமரை என்ன செய்வது?
வணக்கம் சார். உற்பத்தி லைன் நின்றிருந்தாலும் அரைமணிக்கு ஒருமுறை அளவெடுக்கச் சொல்லி தரக் கட்டுப்பாட்டு மென்பொருளின் டைமர் கத்துகிறது, எடுக்காவிட்டால் சிவப்பில் 'தவறியது' என்று விழுகிறது என்கிறீர்கள். டைமரை அழிக்க வேண்டாம். பாஸ் (pause, தற்காலிக நிறுத்தம்) போட்டு, டூல் மாற்றமா கரண்ட் கட்டா என்று காரணத்தையும் பதியுங்கள்.

டைமரை மறுபடி ஓடவிடும் ரெஸ்யூமில்தான் வில்லங்கம். சில மென்பொருள் விட்ட இடத்திலிருந்து எண்ணும், சில முழு அரைமணியையும் புதிதாகத் தொடங்கும். உங்களுடையது எது என்று ஒரு டம்மி பார்ட்டில் பார்த்துவிடுங்கள். எப்படியானாலும் டூல் மாற்றியதும் டைமருக்குக் காத்திருக்காமல் முதல் பீஸை உடனே அளக்க வேண்டும்.

பெங்களூரு பீன்யாவில் எங்கள் ஷாப்பில் ஒருவர் பாஸ் போட்டுவிட்டு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கே போய்விட்டார். மூன்று மணி நேரம் லைன் ஓடியது, அளவுகளைப் புள்ளிகளாகக் காட்டும் சார்ட்டில் ஒரு புள்ளிகூட இல்லை! இப்போது பாஸ் போட்டால் மானிட்டரில் சிவப்பு அட்டை தொங்கும். அப்புறம், விட்டுப்போன ரீடிங்கைப் பின்னால் உட்கார்ந்து நிரப்பாதீர்கள், ஆடிட்டில் மாட்டுவீர்கள்.