கடலூருக்குச் சென்னை, பாகூருக்கு டெல்லி

கேள்வி: எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் வேலை பாதியில் நிற்கிறது. ‘வேலை ஏன் நின்றது? பில், எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) நகல்கள் தருக’ என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன், பதில் இல்லை. முதல் மேல்முறையீடு போட்டும் ரெண்டு மாதமாகச் சத்தமே இல்லை. பாகூரில் இருக்கும் மச்சான், ‘டெல்லிக்கு எழுது’ என்கிறார். எழுதலாமா?
– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: மச்சான் சொல்வது அவர் ஊருக்குச் சரி. புதுச்சேரி யூனியன் பிரதேசம்; அங்கே தனி ஆணையம் கிடையாது. புதுவை அரசு அலுவலகங்கள் மீதான இரண்டாம் மேல்முறையீடு டெல்லியில் இருக்கும் மத்திய தகவல் ஆணையத்துக்குப் போகும். நீங்கள் கேட்டது கடலூர் அலுவலகத்தில். ஆகவே சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையம்தான். பெண்ணையாற்றைத் தாண்டினால் ஆணையமே மாறிவிடுகிறது, என்ன செய்ய!

முதல் மேல்முறையீட்டை 30 நாளில், காரணம் எழுதி வைத்தால் 45 நாளில், முடித்திருக்க வேண்டும். அந்தக் கெடு தாண்டியதிலிருந்து 90 நாளுக்குள் நீங்கள் போக வேண்டும். 30-ஆவது நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், வம்பில்லை. கட்டணம் கிடையாது. மனு, மேல்முறையீடு, தபால் ரசீதுகள் எல்லாவற்றின் நகலும் சேர்ந்திருக்கட்டும்.

ஆணையத்துக்கு அனுப்பும் மனுவின் தலைப்பில் ‘பிரிவு 19(3)’ என்று எழுதுங்கள்; இரண்டாம் மேல்முறையீட்டுக்கான பிரிவு அதுதான். கோபத்தில் பலர் 18-இன் கீழ்ப் புகார் அனுப்பிவிடுகிறார்கள். அதில் அதிகாரிக்கு அபராதம் போடலாம், நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000. ஆனால் தகவலைக் கொடு என்று அதில் உத்தரவிட முடியாது என்று மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. 19(3)-இல் தகவலும் கேட்கலாம், அபராதமும் கேட்கலாம். கெடு தாண்டியதால் நகல்களை இலவசமாகத் தர வேண்டும் என்று 7(6)-ஐயும் சேர்த்துக் கேளுங்கள்.

அப்புறம், நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். ‘ஏன்’ என்று கேள்வி வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். விளக்கம் தருவது எங்கள் வேலையில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். பில், எம்-புக் என்று காகிதத்தைக் கேட்டால்தான் பீரோவைத் திறக்க வேண்டிவரும். ஆணையத்திடம் அவற்றையே அழுத்திக் கேளுங்கள். புதிதாக எதையும் அங்கே நுழைக்க முடியாது. ஆணையம் இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் கெடுவும் இல்லை. அதனால் பணி ஆணை, ஒப்பந்தக்காரருக்கு அனுப்பிய கடிதங்கள் என்று விட்டுப்போனவற்றுக்கு 10 ரூபாய் கட்டி இப்போதே இன்னொரு மனு போட்டுவிடுங்கள்.