திதிக்கு ஒரு கம்ப்யூட்டர் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவின் முதல் திதி கார்த்திகையில் வருகிறது. அவர் நினைவாக, ஏற்காட்டில் நாகலூர் பக்கம் நடக்கும் மாலைநேரக் கல்வி மையத்துக்கு 25,000 ரூபாய் கொடுக்க நினைக்கிறேன். கம்ப்யூட்டர் வாங்கி அப்பா பெயர் எழுதிக் கொடுக்கலாமா? இல்லை, பிள்ளைகளுக்குப் பையும் நோட்டுமா? அன்று சாப்பாடு போடலாம் என்கிறார் அம்மா. வரிவிலக்கு கிடைக்குமா?

வாசகர், அம்மாப்பேட்டை

அன்புள்ள தம்பி,

அப்பாவின் திதிக்கு மலைப் பிள்ளைகளை நினைத்தீர்களே, நன்றாயிருங்கள். இந்த மையங்களுக்கு எது வந்து குவிகிறது, எது வருவதே இல்லை என்று சில நாளாக மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

வரிவிலக்கு: மையத்தை நடத்தும் அறக்கட்டளைக்கு, நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் வருமான வரிப் பதிவு (80ஜி என்பார்கள்) வேண்டும். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. நீங்கள் புதிய வரி முறையில் இருந்தால் எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. சாப்பாடு தாராளமாகப் போடுங்கள், அம்மா மனம் குளிரட்டும்.

பையும் நோட்டும் வேண்டாம். அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பாடநூல், நோட்டு, சீருடை எல்லாம் பள்ளியிலேயே கிடைத்துவிடுகிறது. ஆனாலும் ஜூன் மாதம் ஆளாளுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். டிசம்பரில் அதே மையத்தில் சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்குக் கொடுக்கப் பணம் இருக்காது.

டிசம்பர் என்ன மாதம் என்று யோசித்துப் பாருங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மலையில் காப்பிப்பழம் பறிப்பு. அம்மாவும் அப்பாவும் இருட்டித்தான் வீடு திரும்புவார்கள். மூத்த பெண் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நின்றுவிடுவாள். லீவு நாளில் பெரிய பிள்ளைகளும் தோட்டத்துக்குப் போய்விடும். வகுப்பு கரைகிற மாதங்கள் இவைதான். வீடு வீடாகப் போய்க் கூப்பிட ஆள் வேண்டிய நேரத்தில், இரண்டு மாதச் சம்பளம் நின்றுபோய், அந்தப் பெண் சேலத்தில் ஏதாவது ஜவுளிக்கடை வேலைக்கு இறங்கிவிடுவாள். புது ஆள் கிடைப்பதற்குள் மார்ச். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்குப் பழகிய பிள்ளை மறுபடி ஆரம்பத்திலிருந்து.

"சொல்லிக்கொடுக்கச் சம்பளமா? சேவையாகச் செய்யக் கூடாதா?" என்று கேட்பவர்கள் மீது எனக்குக் கோபம்தான் வருகிறது. 25,000 கொடுக்கிறவர்களுக்கும், அதில் ஒரு ரூபாய்கூடச் சம்பளத்துக்குப் போகக் கூடாதாம். நாளுக்கு இரண்டு மணி நேரம், மாதம் 22 நாள், ஆக 44 மணி நேரம். மாதம் 2000 ரூபாய் கொடுத்தால் மணிக்கு 45 ரூபாய் வருகிறது. அதைக் கூலி என்று சொல்லவே கூச வேண்டும். 2021-ல் வந்த இல்லம் தேடிக் கல்வியில்கூடத் தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய் வைத்தார்கள். சும்மா வா என்று அரசே கூப்பிடவில்லை.

உங்கள் பணத்தில் 24,000-ஐ அப்படியே 12 மாதத்துக்குப் பிரியுங்கள். மாதம் 2000, முதல் வாரமே மையத்தின் வங்கிக் கணக்குக்குப் போகும்படி வங்கியில் சொல்லி வையுங்கள். சம்பளத்துக்கு என்று எழுதிக் கொடுங்கள். கணக்கிலிருந்து பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டுமா என்று கேளுங்கள். சொல்லிக்கொடுப்பவர் அதே ஊர்க்காரராக இருக்க வேண்டும். சேலத்திலிருந்து வருகிறவர் கடைசி பஸ்ஸை நினைத்தே பாதியில் எழுந்துவிடுவார். வருகைப் பதிவேட்டில் போன டிசம்பர், ஜனவரிப் பக்கங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஜூன் பக்கம் எல்லா மையத்திலும் நிரம்பித்தான் இருக்கும். வாடகைக் கட்டடம் என்றால் மின் இணைப்பையும் விசாரியுங்கள். கடை இணைப்பாக இருந்தால் வீடுகளுக்குக் கிடைக்கிற இலவச யூனிட் கிடையாது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில் அவர்களைத் திணறடிக்கும்.

கம்ப்யூட்டரை மறந்தே போனேன். மலையில் பனிமூட்டமும் மழை ஈரமும் உள்ளே இறங்கும், மின் அழுத்தம் ஏறி இறங்கும், யூபிஎஸ் பேட்டரி சில வருடத்தில் போகும். மாற்றக் காசு யார் கொடுப்பது? கற்றுக்கொடுக்க ஆள் நிலைத்தபிறகு அதைப் பேசலாம். பெயர்ப்பலகையும் வேண்டாம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கையில் பேனா டப்பாவைக் கொடுத்து போட்டோ எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தப் பிள்ளையின் முகம் உங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு அது என்ன கடன்பட்டிருக்கிறது?

மீதி 1000 ரூபாய்க்கு, பொருளாகத்தான் ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால், சார்ஜ் போடும் டார்ச் லைட் நாலைந்து வாங்குங்கள். கார்த்திகையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், எஸ்டேட் பாதையில் காட்டெருமை நிற்கும். ஒரே பக்கம் போகிற பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒன்று, பெரிய பிள்ளை கையில். வகுப்பை நவம்பரிலிருந்து அரைமணி முன்னால் தொடங்கச் சொல்லுங்கள். முதல் தவணைக்குத் திதி வரை காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே அனுப்பிவிடுங்கள்.